முதல் சுற்றிலேயே சாயும் பெரிய தலைகள்

2025 ஏப்ரலில் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் உலக ஸ்னூக்கர் போட்டி தொடங்கிய அன்றே நடப்புச் சாம்பியன் கைரன் வில்சன், சீனாவின் லெய் பெய்ஃபானிடம் 9-10 எனத் தோற்று வெளியேறினார். அந்த அரங்கில் லெய்க்கு அதுதான் முதல் ஆட்டம். அடுத்தடுத்து முன்னாள் சாம்பியன்கள் நீல் ராபர்ட்சனும் மார்க் செல்பியும் தலா 8-10 என்று மூட்டை கட்டினார்கள். உடனே 'மெத்தனம்', 'பயிற்சி போதவில்லை' என்று பேச்சு கிளம்பியது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் சுற்று அதிர்ச்சிகளில் பெரும்பங்கு வீரர்களின் கையில் இல்லை, ஆட்டத்தின் நீளத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபிரேமை வெல்ல ஒருவருக்கு 60 சதவீத வாய்ப்பு என்று வைப்போம். எதிராளியைவிடத் தெளிவாக மேலானவர். ஐந்து ஃபிரேம் ஆட்டத்தில் அவர் வெல்லும் வாய்ப்பு 68 சதவீதம்தான். குரூசிபிள் முதல் சுற்றின் 19 ஃபிரேமில் அது 81 ஆகிறது, இறுதியாட்டத்தின் 35 ஃபிரேமில் 88-ஐத் தாண்டுகிறது. முதல் சுற்றில் 16 ஆட்டங்கள். எல்லா மேசையிலும் இதே இடைவெளி இருந்தால்கூட சீட் பெற்ற முன்னணி வீரர்கள் மூன்று பேர் வீட்டுக்குப் போவது சாதாரணம். பை இல்லாத கேரம் பில்லியர்ட்ஸிலும் இதே கதைதான். அதன் மூன்று குஷன் ஆட்டத்தில், அடிக்கும் பந்து இரண்டாவது பந்தைத் தொடுமுன் மூன்று முறையாவது மேசை ஓரத்தில் பட்டாக வேண்டும். ஒரு முறை தவறினால் மேசை எதிராளிக்கு. உலகக் கோப்பையின் ஆரம்பத் தகுதிச் சுற்றுகள் 30 புள்ளியோடு முடிந்துவிடும். நாக்-அவுட்டில் 50 வரை ஆடி வந்திருக்கிறார்கள். எதிராளி தொடர்ந்து பத்துப் புள்ளி எடுத்துவிட்டால் 30 புள்ளி ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போச்சு. அதிர்ச்சிக்கான கதவை அட்டவணையே திறந்து வைத்திருக்கிறது.

அப்படியானால் வென்றவர்களுக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டமா என்று கேட்கலாம். இல்லை. அதே குரூசிபிளில் தகுதிச் சுற்றிலிருந்து வந்த ஜாவோ ஷின்டாங், அரையிறுதியில் ரோனி ஓ'சல்லிவனை 17-7, இறுதியில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வீழ்த்திப் பட்டம் வென்றார். நீண்ட ஆட்டத்தில் அதிர்ஷ்டம் இவ்வளவு தூரம் கூட வராது. குறுகிய ஆட்டத்துக்கோ தனித் திறமை வேண்டும்: கை பழகும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், மூன்று முறை உலகச் சாம்பியனான ஹாங்காங்கின் ங் ஆன் யீயை 3-2 என்று வென்ற இறுதியாட்டம் ஐந்தே ஃபிரேம். முதல் ஃபிரேமும் மூன்றாவதும் போயின, மூன்றாவதில் எடுத்தது வெறும் 10 புள்ளி. அடுத்ததை 78-20 என்று அள்ளி, கடைசி ஃபிரேமை 68-60 என்று முடித்தார். குறுகிய தூரம் அவருக்கு வாய்ப்பைத்தான் கொடுத்தது. பந்தைப் பையில் போட்டது அவர்.

இன்னொரு மறுப்பு கனமானது. குரூசிபிளுக்குப் போட்டி வந்த 1977 முதல், அங்கே முதன்முறை பட்டம் வென்ற ஒருவர்கூட மறு ஆண்டு அதைத் தக்கவைத்ததில்லை. இதை என் கணக்கு முழுசாக விளக்காது. பட்டத்தோடு வரும் சுமையும் சேர்ந்துதான் அழுத்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுமைகூடச் சில நேரம் ஒன்றிரண்டு ஃபிரேம் வித்தியாசத்தில்தான் வெளிப்படுகிறது. வில்சன் தோற்றதும் ஒரே ஃபிரேமில்.

எங்கள் மணப்பாறைப் பக்கம் கியூ மேசையைவிட கேரம் போர்டே பழக்கம். ஆட்டத்தின் நீளம் பற்றிய இந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும். முறைப்படி கேரமில் ஓர் ஆட்டம் 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, மூன்றில் இரண்டு வென்றால் வெற்றி. நேரமில்லை என்று முதல் சுற்றை ஒரே ஆட்டமாகச் சுருக்கினால் விறுவிறுப்பு கூடும், ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அது போதும். அணித் தேர்வுக்கு அதையே அளவுகோலாக வைப்பது சரியில்லை. அங்கே லீக் முறையில் எல்லோரையும் எல்லோரோடும் ஆடவிட்டு, பிறகு நாக்-அவுட்டுக்குப் போகலாம். கூடுதலாக ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.