குருவியின் அலகும் உயிரினப் பன்மையும்

ஜானதன் வைனர் எழுதி 1994-இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘தி பீக் ஆஃப் தி ஃபின்ச்’ என்னும் நூல், பரிணாமக் கொள்கையைக் குறித்த விவாதங்களில் இன்றும் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. சில ஆண்டுகளுக்குள் நிகழும் சிறு மாற்றத்தைக் கண்முன் நிறுத்திய பெருமை அந்நூலுக்கு உரியது. ஆயினும், அச்சிறு மாற்றம் உயிரினப் பன்மையாக விரிவது எவ்வாறு என்னும் வினாவிற்கு அந்நூல் தரும் விடை போதுமானதா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்னும் ஆய்வாளர் தம்பதியர் கலாபகஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில் 1973 முதல் ஃபின்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்து வந்தனர். 1977-இல் மழை பொய்த்தது. நடுத்தரத் தரைக்குருவி என்னும் இனத்தில் 100-க்கு ஏறக்குறைய 85 மடிந்தன. சிறு விதைகள் தீர்ந்தபின், நெருஞ்சி வகைச் செடியொன்றின் கடினமான காய்களை உடைக்க வல்ல தடித்த அலகுடையவையே பெரும்பாலும் எஞ்சின. அலகின் தடிப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பண்பாதலால், அடுத்த தலைமுறையின் அலகும் சற்றே தடித்தது. பின்னர் 1983-இல் பெருமழை பெய்து சிறு விதைகள் மலிந்தன. அதனையடுத்த ஆண்டுகளில் சிற்றலகுடையவை மேலோங்கின.

இவ்வரலாற்றை வைனர் கூறும் திறம் பாராட்டிற்குரியது. எனினும் இங்கேயே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வறட்சியில் ஒருபுறமும் மழையில் மறுபுறமும் சாயும் ஊசல், தானாக எவ்விடத்தும் சென்று சேர்வதில்லை. இனங்கள் பிரிவதைப் பற்றியும் கலப்பதைப் பற்றியும் நூலின் பிற்பகுதி பேசுகிறதென்பது உண்மையே. ஆயினும் வாசகர் மனத்தில் நிலைத்து நிற்பது வறட்சிக் காட்சியே. இத்தகைய ஆண்டுகள் பல கூடினால் புதிய இனங்கள் தாமே தோன்றிவிடும் என்னும் எண்ணத்தையே அவர் பெறுகிறார்.

அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதற்கு அப்பறவைகளே சாட்சி. கலாபகஸ் தீவுகளில் ஃபின்ச் இனங்கள் ஏறக்குறைய 17 உள்ளன. பல இனங்கள் ஒரே தீவில் கூடி வாழ்கின்றன. அவற்றின் உறவான மற்றோர் இனம் வடகிழக்கே தொலைவிலுள்ள கோகோஸ் தீவில் வாழ்கிறது. அங்கே இருப்பது ஓர் இனம் மட்டுமே. அங்கும் தலைமுறைகள் பல கடந்தன. மரபணு மாற்றமும் நிகழ்ந்திருக்கும். ஆனால் அது தனித்தீவு. கூட்டம் பிரிந்து, தனித்து வளர்ந்து, மீண்டும் சந்திக்க அயல் தீவு இல்லை. தீவுகள் பல இருந்தாலும் எல்லாப் பறவைகளும் ஒன்றுபோல் பெருகுவதில்லை. கலாபகஸின் மாக்கிங்பேர்ட் பறவைகள் நான்கே இனங்களாயின. இரண்டு இனங்கள் ஒரு தீவில் சேர்ந்து வாழ்வதில்லை.

நூல் வெளிவந்தபின் கிடைத்த அறிவும் இதனை உறுதிப்படுத்துகிறது. அலகின் வடிவத்தோடு தொடர்புடைய மரபணு 2015-லும், அதன் அளவோடு தொடர்புடைய மரபணு 2016-லும் அறிவிக்கப்பட்டன. 1981-இல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து டாஃப்னிக்கு வந்த அயலினச் சேவலொன்று உள்ளூர்ப் பெடையோடு கூடியது. அதன் சந்ததியார் வேறுபட்ட பாட்டும் பருத்த உடலும் உடையவராய், பின்னர்த் தமக்குள்ளேயே இணை தேடிக்கொண்டனர் என 2017-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. அக்கூட்டத்தைத் தனிப்படுத்தியதில் அலகிற்கு நிகராகப் பாட்டிற்கும் பங்குண்டு.

ஆகவே, மரபணுவின் சிறு மாற்றம் பன்மைக்கு வேண்டிய மூலப்பொருளைத் தருகிறது. பிரிவும், பாட்டும், போட்டியும், அழிவும் அப்பொருள் எவ்வடிவம் பெறும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நம் மாணவருள் சிலர், “சிறு மாற்றத்தை ஒப்புவோம், பெருமாற்றத்தை ஒப்போம்” என இடையே சுவர் எழுப்புகின்றனர். வேறு சிலர், “சிறியதைக் கூட்டினால் பெரியது” என்று கூறி அமைகின்றனர். முன்னவருக்கு டாஃப்னியில் பிறந்த அப்புதிய கூட்டம் விடையாகிறது. பின்னவருக்குக் கோகோஸ் தீவின் அந்த ஒற்றைக் குருவி விடையாகிறது. வைனரின் நூலைக் கற்பிப்போர் அவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்பாராக.