'மாஇல்மா' என்னும் பின்னியத் தொகைச்சொல்

பின்னிய மொழியில் உலகத்தைக் குறிக்கும் சொல் 'மாஇல்மா' என்பதாம். இது 'மா', 'இல்மா' என்னும் இரு சொற்களாலாய தொகை. 'மா' என்பது நிலம். 'இல்மா' என்பது இக்கால வழக்கில் காற்றையும் வானிலையையும் குறிக்கும். இவ்வழக்கொன்றையே துணையாகக் கொண்டார் இத்தொகையை 'நிலமும் காற்றும்' என விரிப்பர். அவ்விரிவு பொருந்துமாறில்லை என்பதே நம் கருத்து.

இனமொழிகளை நோக்குவார்க்கு 'இல்மா'வின் பழம்பொருள் புலனாகும். அதனோடு ஒரு வேரினதாகிய வடசாமி மொழிச் சொல் 'அல்ப்மி' வானத்தையே சுட்டும். உத்மூர்த்து மக்கள் வழிபட்ட வான்தெய்வம் 'இன்மர்'. அப்பெயரின் முற்பகுதியும் இவ்வேரினதே. பின்னியரின் 'இல்மரினேன்' என்னும் பெயரும் 'இல்மா'வினின்று பிறந்தது. 1551-இல் அகிரிக்கோலா அவனை வானிலை தரும் தெய்வமாகக் குறித்தார். 1849-இல் விரிந்து வெளிவந்த 'காலெவலா'விலோ அவன் வானத்தை அடித்துச் சமைத்த கொல்லன். இருபொருளும் அவ்வொரு பெயரைச் சார்ந்து நிற்றல் காண்க. வானத்தின் பெயர் வானத்து நிகழ்ச்சிக்கு ஆதல் நமக்குப் புதிதன்று. 'வான்' என்னும் சொல் மழையையும் உணர்த்துதலை வள்ளுவர் நூலின் 'வான்சிறப்பு' அதிகாரம் காட்டும்.

ஆகவே, 'மாஇல்மா' என்பது 'நிலமும் வானும்' என விரியும் உம்மைத்தொகையாம். கீழும் மேலுமாகிய இரண்டும் கூடியதே உலகெனக் கண்ட முன்னோரின் நோக்கு அதன்கண் உறைகின்றது. உறுப்புச்சொல்லின் பொருள் பின்னர்த் திரியினும் தொகை தான் பிறந்த காலத்துப் பொருளைக் காத்து நிற்கும். இன்றைய பொருளைக் கொண்டு பண்டைத் தொகையை விரித்தல் ஆய்வாளர்க்கு ஏற்புடைத்தன்று.