மெய்ப்பாடும் உளநிலை வினாத்தாளும்

வளர்ந்தோர் உளநிலையை அளந்தறிய மேனாட்டார் வகுத்த வினாத்தாள்கள் சில தமிழிலும் பெயர்க்கப்பட்டு வழங்குகின்றன. அவற்றுள் 2001இல் வெளிவந்த பி.எச்.கியூ.-9 என்பதனை ஈண்டு எடுத்துக்கொள்வாம். கடந்த 14 நாள்களில் உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு முதலியன எத்துணை நாள் வருத்தின என 9 வினாக்களால் கேட்டு, 0 முதல் 27 வரை அது மதிப்பெண் இடும். அவை ஏன் வருத்தின என அது கேளாது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ அழுகை ஒன்றனுக்கே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நிலைக்களன் நான்கு கூறும். அசைவாவது பண்டை நிலை கெட்டு வருந்துதல் என உரை காண்பர். தறியை விற்றுக் கூலிக்குச் செல்லும் நெசவாளியும், கணவனை இழந்து ஒரு திங்களும் கழியாத பெண்ணும் வினாத்தாளில் ஒரே எண் பெறுதல் கூடும். மெய்ப்பாட்டியல் வழி நோக்குவார்க்கு முன்னது அசைவு; பின்னது இழவு. இவ்வேறுபாடு சிறிதன்று. உற்றாரை இழந்து 2 திங்கள் கழியாதாரை உளச்சோர்வு நோயினின்று பெரும்பாலும் விலக்கிவைத்த விதியை, அமெரிக்க உளமருத்துவர் கழகம் தன் நோய்வகை நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டது. துயர் எது, நோய் எது எனத் தெளியும் பொறுப்பு ஆராயும் மருத்துவர் மேலதாயிற்று. எண் ஒன்றே முடிபாகாது என வினாத்தாளை ஆக்கியோரும் கூறியுள்ளனர். அதனை மறைத்தல் நேர்மையன்று.

இதுகொண்டு தொல்காப்பியர் உளமருத்துவம் கண்டார் என முழங்குவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. மெய்ப்பாடு செய்யுள் உறுப்பு. நோயையும் நோயின்மையையும் பிரித்தறிய எழுந்ததன்று. இறந்துபடும் எண்ணம் உண்டோ என ஒளிவின்றிக் கேட்கும் ஒன்பதாம் வினா ஓர் உயிரைக் காத்தல் கூடும். அதற்கு ஈடான கருவி மெய்ப்பாட்டியலில் இல்லை.

ஆயின், இரண்டும் கூடுதற்கு இடமுண்டு. மேற்கூறிய 2013ஆம் ஆண்டுப் பதிப்பே, பண்பாட்டுச் சூழலை அறிய 16 வினாக்கள் கொண்ட நேர்காணல் ஒன்றை உடையது. துன்பத்திற்குத் தாம் கருதும் காரணம் யாது, துணையாவது எது என அது கேட்கும். அதனைத் தமிழில் நடத்துவோர் 'காரணம்' என்னும் பொதுச்சொல்லோடு நில்லாது, அழுகையின் நான்கு களன்களையும் எளிய வழக்குத்தமிழில் தனித்தனி வினவுதல் தகும் என்பது எம் கருத்து. வறுமையையும் இழவையும் பலர் கேளாமலே உரைப்பர். இளிவு அத்தகையதன்று, மகன் வீட்டில் இகழப்படும் முதியவர் உறக்கம் வரவில்லை என்று மட்டுமே சொல்வார்.