பெயரை விற்ற செவிலி

'சென்சேஷன் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையில் 1942 ஜனவரி என்று இருக்கிறது. விலை 10 செண்ட். உள்ளே ஆறு சாகசத் தொடர்கள். ஐந்தில் நாயகர்கள் ஆண்கள். ஆறாவது தொடரின் நாயகி வொண்டர் உமன். காமிக்ஸையும் பெண்ணியத்தையும் சேர்த்துப் பேசுகிறவர்கள் வழக்கமாக அவளிடமிருந்துதான் தொடங்குவார்கள். நான் அதே கதையில் சில கட்டங்களில் மட்டும் வந்துபோகும் ஒரு செவிலியிடமிருந்து தொடங்குகிறேன்.

காயம்பட்ட விமானி ஸ்டீவ் டிரெவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து சேர்த்த அமேசான் இளவரசி, அழுதுகொண்டிருக்கும் அந்தச் செவிலியைச் சந்திக்கிறாள். காதலன் தென்னமெரிக்காவில் இருக்கிறான்; அவனிடம் போய்ச்சேரக் கையில் காசில்லை. இளவரசி பணம் கொடுத்து, பதிலுக்கு அவளுடைய சான்றிதழ்களையும் பெயரையும் வாங்கிக்கொள்கிறாள். டயானா பிரின்ஸ் என்று உலகம் அறிந்த பெயர், பயணச் செலவுக்கு வழியில்லாத உழைக்கும் பெண்ணொருத்தி விற்ற பெயர்.

அதே இதழின் மிஸ்டர் டெரிஃபிக், எல்லாவற்றையும் கற்று முடித்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற சலிப்பில் சாக நினைக்கும் பணக்கார இளைஞன். ஒரே 10 செண்ட் புத்தகத்தில் ஆணுக்கு அலுப்பு பிரச்சினை. பெண்ணுக்குப் பயணச்சீட்டு பிரச்சினை.

9ஆவது இதழில் செவிலி திரும்பி வருகிறாள், இப்போது திருமதி வைட்டாக. கணவன் கண்டுபிடிப்பாளன், வருமானம் இல்லை. மனைவி வேலைக்குப் போவதோ அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் தன் பழைய பெயரையும் வேலையையும் திருப்பிக் கேட்கிறாள். வொண்டர் உமனைத் தன் மனைவி என்று நினைத்த கணவன், அவளைச் சமையலறை அடுப்போடு சங்கிலியால் பிணைக்கிறான். இத்தொடரின் சங்கிலிகளை ஆசிரியரின் பாலியல் விருப்பமாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. ஓவியர் ஹெச். ஜி. பீட்டர், பெண்கள் வாக்குரிமை கேட்டுப் போராடிய காலத்தில் அதற்கு ஆதரவான பத்திரிகைப் பக்கத்துக்கு வரைந்தவர் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஆனால் கதையின் முடிவு துணிவற்றது. கணவனுக்கு வெற்றி கிடைத்ததும் செவிலி வீட்டுக்குத் திரும்புகிறாள். மனைவியாக, தாயாக இருக்கும் அவள்மீது பொறாமை என்கிறாள் வொண்டர் உமன். பெயர் மறுபடியும் கைமாறுகிறது.

பெயர் கைமாறுவது கதைக்கு வெளியிலும் நடந்தது. ஆசிரியராக அச்சான 'சார்லஸ் மோல்டன்' ஒரு புனைபெயர். உளவியலாளர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன், பதிப்பாளர் கெய்ன்ஸின் நடுப்பெயரையும் தன் நடுப்பெயரையும் இணைத்து உருவாக்கியது. அவர் வீட்டின் வருமானத்தைப் பெரிதும் சுமந்தவர் மனைவி எலிசபெத் ஹாலோவே. குழந்தைகளை வளர்த்தவர் அதே வீட்டில் துணையாக வாழ்ந்த ஆலிவ் பைர்ன். நாயகியின் காப்புகளுக்கு முன்மாதிரி அவர் அணிந்தவையே. 1944இல் மார்ஸ்டன் தன் மாணவி ஜாய் ஹம்மலை உதவியாளராகச் சேர்த்தார். போலியோ அவரை முடக்கியபின் ஜாயே கதைகளை எழுதினார், 70க்கும் மேற்பட்டவை. அவையும் சார்லஸ் மோல்டன் பெயரிலேயே வந்தன. மார்ஸ்டன் இறந்த 1947இல் ஜாய் திருமணம் செய்துகொண்டு, எழுத்திலிருந்து விலகி வீட்டுக்குப் போனார், 9ஆவது இதழின் செவிலியைப் போலவே.

ஆண்களும் பெயர் இழந்தார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். அதே முதல் இதழில் வைல்ட்கேட்டை எழுதிய பில் ஃபிங்கர், பேட்மேனை உருவாக்கியதில் தனக்கிருந்த பங்குக்கு உரிய பெயரை உயிரோடிருந்தவரை அதிகாரபூர்வமாகப் பெறவில்லை. அவர் நினைவாக வழங்கப்படும் விருது 2018இல், 94 வயதில் ஜாய்க்குக் கிடைத்தது. ஆனால் ஃபிங்கரை யாரும் அடுப்படிக்கு அனுப்பவில்லை. பெயர் போனபிறகும் அவர் கையில் தொழில் இருந்தது. பெண்ணுக்குப் பெயரோடு வேலையும் போகிறது; அதற்குக் குடும்பம் என்று பெயர் வைக்கிறோம்.

வொண்டர் உமனைக் கொண்டாடுவோம். அந்தச் செவிலிக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் இருக்கிறது என்பதையும் மறக்காமல்.