எடைக்கு ஏற்ற நடை

விருதுநகர் மாவட்டத்து ஆமத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் மேலே பட்ட எதையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, பட்டாசு ஆலைகளுக்கும் புஞ்சைகளுக்கும் இடையில் கிடக்கும் தரிசில் இறங்கினால், இரவில் யார் யார் வந்து போனார்கள் என்பது அப்படியே பதிந்திருக்கும். அவற்றில் நின்று பார்க்க வேண்டியது முயலின் தடம்.

நான்கு பதிவுகள் சேர்ந்து ஒரு கொத்து. சிறியவை இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. நீளமானவை இரண்டு, ஏறக்குறையப் பக்கம் பக்கமாக. சிறியவை முன்னங்கால்கள், ஆகவே அவை இருக்கும் பக்கமாகத்தான் முயல் போயிருக்கும் என்று தோன்றும். உண்மை நேர் எதிர். முயல் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி, முதுகை வளைத்து, பின்னங்கால்களை அவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. அங்கிருந்துதான் அடுத்த பாய்ச்சலுக்கு உந்துகிறது. மேய்ந்துகொண்டே போன இடத்தில் கொத்துகள் நெருங்கிக் கிடக்கும். எதையோ கண்டு மிரண்ட இடத்தில் ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பல அடி வெறும் மண். அந்த வெறும் மண்ணில்தான் முயலின் பயம் எழுதியிருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணமான ஒரு பிராணியும் இதே மாவட்டத்துக்காரர்தான். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நம் நாட்டு நாயினங்களுள் ராஜபாளையம் ஒன்று. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு. இது முழு வேகத்தில் ஓடும்போது ஒரே தாவலுக்குள் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விடுகின்றன. கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டு கூடும்போது ஒருமுறை, முன்னும் பின்னும் நீண்டு விரியும்போது ஒருமுறை. முதுகெலும்பே ஐந்தாவது காலாக வேலை செய்கிறது.

நேர்கோட்டில் ஓடினால் முயலுக்குப் பிழைப்பில்லை. அதனால்தான் அது நேர்கோட்டில் ஓடுவதில்லை. முயல் வேட்டை இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது வழக்கமாக இருந்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் சொல்வது இது: நாயின் வாய் எட்டும் தறுவாயில் முயல் சடக்கென்று ஒடித்துத் திரும்பும், நாய் நாலு எட்டு தாண்டிப் போய்த்தான் நிற்கும். வேகம் இரு மடங்கானால் அதே வளைவில் திரும்ப நான்கு மடங்கு விசை வேண்டும். நாயின் வேகமே அந்த இடத்தில் நாய்க்குப் பகையாகிறது. முயல் ஒவ்வொரு திருப்பத்திலும் சம்பாதிப்பது சில அடிகள்தான். அடுத்த வேலிக்கருவை மூடு வரைக்கும் அது போதும்.

நாயும் முயலும் மூச்சுவிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். முழுப் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக இழைந்துவிடுகிறது. முதுகு மேலும் கீழுமாக வளைவதால் ஓட்டமும் மூச்சும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வதில்லை. இந்த வசதி ஓணானுக்கு இல்லை. அது ஓடும்போது உடம்பு இடமும் வலமுமாக வளைகிறது. அப்படி வளைக்கும் விலாத் தசைகள்தான் மூச்சுக்கும் உதவ வேண்டும். ஒரே தசை இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்ய முடியாது. வேலியோரத்தில் ஓணான் விர்ரென்று ஓடி, நின்று, தலையைத் தூக்கிவிட்டு மறுபடி ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். டேவிட் கேரியர் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1987இல் பல்லி இனங்களின் இந்தச் சங்கடத்தை எடுத்துக்காட்டினார். உடும்பு இனம் இதற்கு ஒரு மாற்றும் கண்டிருக்கிறது: நடக்கும்போதே தொண்டைப் பையை விரித்துச் சுருக்கி, காற்றை நுரையீரலுக்குள் தள்ளிக்கொள்கிறது. உடும்பு நடப்பதைத் தூரத்திலிருந்து காண வாய்த்தால் அதன் தொண்டையைப் பாருங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். பட்டாசு ஆலைகளைச் சுற்றி நிற்கும் வேம்புகளில் அணில்களுக்குக் குறைவில்லை. நூறு கிராம் சொச்சம்தான் எடை. அணில் மரத்தில் தலைகீழாக இறங்குவது தினம் பார்ப்பதால் நமக்குச் சாதாரணமாகிவிட்டது. பூனைக்கு அது வராது. ஏறின பூனை இறங்கத் தெரியாமல் கத்துவதும், இறங்கினால் பின்பக்கமாகச் சறுக்குவதும் அதனால்தான். அணிலின் பின்னங்கணுக்கால் அப்படியே பின்னோக்கித் திரும்பிக்கொள்ளும். இறங்கும்போது பின்பாத நகங்கள் மேல்நோக்கிப் பட்டையில் மாட்டியிருக்க, முழு உடம்பும் அவற்றில் தொங்குகிறது. இறங்குகிற அணில் பாதி வழியில் உறைந்து நிற்கும்போது அந்தப் பாதத்தை நன்றாகப் பார்க்கலாம். உறைவதற்கும் காரணம் இருக்கிறது. ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத வல்லூறு, நின்றால் தெரியும்.

பிடி நழுவி விழுந்தாலும் அணில் எழுந்து ஓடிவிடும். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் காற்றில் படும் பரப்பு கூடுகிறது. காற்றே அதைத் தாங்கி இறக்குகிறது. ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் உடலளவைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஆழமான சுரங்கத்தில் விழும் சுண்டெலி சிறு அதிர்ச்சியோடு நடந்து போய்விடும், குதிரையின் கதி வேறு என்று விளக்கினார். பின்னாளில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர்.

இதே அணில் குடும்பத்தில் எடை பத்துப் பதினைந்து மடங்கு கூடினால் என்ன ஆகும்? அதைக் காண ஆமத்தூர்க்காரர்கள் தூர தேசம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு போதும். சாம்பல் நிற அணிலுக்காகவே 1988இல் அங்கே சரணாலயம் அமைந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. ஒன்றரைக் கிலோவைத் தாண்டும் இந்த அணிலால் நம் வீட்டு அணிலைப்போல நுனிக்கொம்பு வரை ஓட முடியாது, கொம்பு தாங்காது. ஆகவே கனத்த கிளையில் பின்னங்கால்களை மாட்டிக்கொண்டு, முன்னுடம்பைக் கீழே தொங்கவிட்டு, கைகளால் கனியை இழுத்துத் தின்கிறது. கிளைக்கு மறுபுறம் வால் தொங்குகிறது. உடம்பளவு நீண்ட அந்த வால்தான் தராசின் மறுதட்டு. தின்று முடித்தால் அடுத்த மரத்துக்குப் பாய்ச்சல். தரைக்கு வருவதை இயன்றவரை தவிர்க்கிறது, ஏனென்றால் கிளைக்காக அமைந்த உடம்பு தரையில் தடுமாறும். கூடு கட்டும்போதே பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து தொடும் இடமாகப் பார்த்துக் கட்டுகிறது. பதுங்கும் இடத்தைத் தேர்வதற்கு முன்பே தப்பும் வழியைத் தேர்ந்துவிடுகிறது!

அந்த மரங்களுக்குக் கீழே யானை நடக்கிறது. நீளம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் என்று 1638லேயே கலீலியோ எழுதிவிட்டார். யானையின் கால்கள் தூண்போல நேராக நிற்பதன் காரணம் அதுதான். எலி முழங்காலை மடக்கிக்கொண்டே ஓடலாம். யானை அப்படி ஓடினால் தாங்காது. தாய்லாந்து யானைகளின் மூட்டுகளில் பொட்டு வைத்துப் படமெடுத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகம் தொட்டபோதும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்ட நொடி ஒன்றும் இல்லை. இருந்தும் அதன் அடி ஓசைப்படுவதில்லை. பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை ஒன்று, எடை இறங்கும்போது விரிந்து, தூக்கும்போது சுருங்குகிறது. கோயில் யானை கல்தளத்தில் நடந்துவரும்போது மணியோசை மட்டும் கேட்பது இதனால்தான்.

பெருத்தவை எல்லாம் இப்படி இழப்பிலேயே இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். தன் உடலெடையில் ஒரு கிலோவை ஒரு கிலோமீட்டர் சுமந்து செல்ல எலிக்கு ஆகும் சக்தி ஆட்டுக்கு ஆவதைவிடப் பல மடங்கு அதிகம். அறுவடை முடிந்த கரிசலில் கிடை போட்டுக் கிடை போட்டு நகரும் வேம்பூர் ஆட்டைப் பாருங்கள். வெள்ளை உடம்பில் செம்பொட்டு, உயர்ந்த கால்கள். புல் அடர்ந்த நாட்டில் இந்தக் காலுக்கு வேலையில்லை. மேய்ச்சல் தேடி நாளெல்லாம் நடக்க வேண்டிய வானம் பார்த்த பூமியில் அதுதான் மூலதனம்.

முயலுக்குப் புதர், ஆட்டுக்கு வழி, சாம்பல் அணிலுக்குக் கிளை. செண்பகத்தோப்பை ஒட்டி மாவும் புளியும் தென்னையும் வைத்திருக்கும் தோப்புக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காய்ப்பு ஓய்ந்த மரத்தை வெட்டுமுன் அதன் கிளை எந்த மரத்தைத் தொட்டு நிற்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். முடிந்தால் அந்த ஒரு கிளையையாவது விட்டுவையுங்கள்.