தட்டாமல் விழும் புள்ளி

உயிர் 12, மெய் 18, புள்ளி ஒன்று: கூட்டினால் 31. ஆங்கில விசைப்பலகையில் எழுத்து 26. வலது ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும் அடைப்புக்குறிகள் இரண்டு, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு ஆகியவற்றைச் சேர்த்தால் அதுவும் 31. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டிப் பிறந்து, தமிழக அரசின் ஒப்புதலும் பெற்ற தமிழ்99 விசைப்பலகை இந்தக் கணக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆய்தம் ஒன்று நீங்கலாக, எந்தத் தமிழ் எழுத்துக்கும் ஷிப்டைத் தொட வேண்டியதில்லை.

நான் ரசிப்பது அந்த 31இல் ஒன்றை. இடது சுட்டுவிரல் இயல்பாகப் படுத்திருக்கும் இடத்தில், ஆங்கில ‘எஃப்’ மேல் சின்னதாக ஒரு மேடு இருக்குமே, அங்கேதான் புள்ளி இருக்கிறது. ஷிப்டும் கன்ட்ரோலும் இன்னொரு விசையோடு சேர்ந்து அழுந்த வேண்டியவை. புள்ளி அப்படியல்ல. எழுத்து விழுந்த பிறகு வந்து அதன் அகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. க விழுகிறது, புள்ளியைத் தட்டினால் க் ஆகிறது. ஷிப்டோடு தட்டினாலோ ஃ வருகிறது. ஒற்றைப் புள்ளியின் மாடியில் முப்புள்ளியைக் குடிவைத்தவர் யாராயினும் அவருக்குக் குறும்பு இருந்திருக்கிறது.

இவ்வளவு நல்ல இடத்தில் இருக்கும் விசையைத் தேர்ந்த கை அதிகம் தொடுவதில்லை என்பதுதான் இதில் சுவையான விஷயம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. மலையாளிப் பழங்குடியினர் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் மனு எழுத வந்து நிற்பார்கள். “பெரியப்பா, மனு தாசில்தாருக்கா, கலெக்டருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறது ஒரு பெண். கீபோர்டில் தமிழ் ஸ்டிக்கர் கிடையாது. ‘விண்ணப்பம்’ என்ற சொல்லை அந்த விரல்கள் அடிப்பதைப் பார்க்க வேண்டும். வ, இ. பிறகு ண ண என்று ஒரே இடத்தில் இரண்டு தட்டு. ப ப என்று இன்னும் இரண்டு. கடைசியில் ம, புள்ளி. மொத்தம் எட்டுத் தட்டு. திரையில் தெரியும் புள்ளிகள் மூன்று, விரல் தட்டியது ஒன்றே ஒன்று. மற்ற இரண்டும் தாமாக விழுந்தவை.

ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே ஏறும். அதேபோல் ங க, ஞ ச, ண ட, ந த, ம ப, ன ற என்று இன எழுத்துகள் ஜோடியாக வந்தாலும் ஏறும். ‘பழங்குடியினர்’ என்பதில் ங்க தானாக வருகிறது, கடைசி ர் மட்டும் புள்ளி கேட்கிறது. தொல்காப்பியம் மெய்ம்மயக்கம் என்று பேசுகிற பாடத்தைப் பள்ளியில் நாம் கொட்டாவி விட்டபடி கடந்து வந்திருப்போம். எந்த மெய்யோடு எந்த மெய் கூடும் என்ற அந்தப் பழைய கணக்கில் ஒரு துண்டை எடுத்து விரலுக்குச் சம்பளமில்லா வேலையாள் ஆக்கிவிட்டார்கள். இலக்கணம் இவ்வளவு நேரடியாக நம் உழைப்பைக் குறைத்த இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

இதன் அருமை பழைய தட்டச்சில் கை பழகியவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்தபோது, இத்தனை எழுத்தை எங்கே அடைப்பது என்பதே பெரிய தலைவலி. ஆகவே புள்ளியும் இகரக் குறியும் நகராத விசைகள் ஆயின. இன்ஸ்டிடியூட்டில் ‘டெட் கீ’ என்பார்கள். தட்டினால் காகிதத்தில் குறி விழும், வண்டி நகராது. எனவே முதலில் ஆகாயத்தில் புள்ளியை வைத்துவிட்டு அப்புறம்தான் அதற்கடியில் எழுத்தைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். எழுதும் கை மெய்யை எழுதிப் புள்ளி வைக்கும். மெஷின் புள்ளி வைத்து மெய்யை எழுதும். ஷிப்டுக்கும் அங்கே தமிழ் வேலை உண்டு: க இருக்கும் விசையில் ஷிப்டோடு கு, ம இருக்கும் விசையில் மு, த இருக்கும் விசையில் து. உகரம் வரும்போதெல்லாம் சுண்டுவிரல் பாரம் தூக்கியது. லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களின் கை இன்றைக்கும் கம்ப்யூட்டரில் அந்த அமைப்பையே தேடுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வுக்காகப் பழகிய விரல் எளிதில் மறக்காது.

குறை சொல்ல வேண்டியது இன்னொன்றை. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் ல, ன இரண்டும் சும்மா வருகின்றன. ள, ண, ற மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும். அதாவது ஆங்கிலத்தில் இடமில்லாத எழுத்துகள் கொல்லைப்புறமாக வர வேண்டும். ‘மலையாளி’ என்று அந்த வழியில் அடிக்கப் பத்துத் தட்டும் நடுவில் ஒரு ஷிப்டும் ஆகிறது. தமிழ்99இல் ஏழு, ஷிப்டே இல்லை. தட்டு எண்ணிக்கையாவது போகட்டும். ஷிப்டை மறந்தால் வெள்ளம் வெல்லமாகிவிடுகிறதே! சோம்பேறித்தனத்துக்குச் சாய்ந்துகொடுக்கும் விசைப்பலகை எழுத்துப்பிழைக்கும் சாய்ந்துகொடுக்கும். வாட்ஸப்பில் அம்மாவுக்கு அனுப்ப அது போதும். தாசில்தாருக்குப் போகிற மனுவில், ஊர்ப்பெயரில் ஒரு ளகரம் தவறினால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

தமிழ்99 ஷிப்டுக்குப் பின்னால் வைத்தது கிரந்தத்தை. ஆவின் மேல் ஸ, ஈயின் மேல் ஷ, ஊவின் மேல் ஜ, ஐயின் மேல் ஹ. கொள்கையாகப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் இந்த மலையில் உட்கார்ந்து அடிப்பவருக்கு அது கொஞ்சம் வம்பு. ஜவ்வாது, ஜமுனாமரத்தூர் என்று மலையின் பெயரும் ஊரின் பெயரும் ஷிப்டில்தான் தொடங்குகின்றன. அதுவும் ‘ஜவ்வாது’ இந்த விசைப்பலகையின் தாளத்துக்கே எதிரி. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்று பிரித்ததால் பொதுவாகக் கைகள் மாறி மாறி ஓடும். இங்கே ஜ இடக்கை, வ இரண்டு முறை இடக்கை, ஆ இடக்கை, உ இடக்கை. வலக்கைக்குக் கிடைப்பது ஷிப்டும் தகரமும். சவ்வாது என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே புத்திசாலிகள். மலையின் இன்னொரு பக்கத்துக் காவலூர் பரவாயில்லை. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வைணு பாப்புவும் தொல்லை தருவதில்லை: பாப்பு என்பதற்கு ப, ஆ, ப, ப, உ. புள்ளி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அமைப்பில் ஓட்டை இல்லாமல் இல்லை. வலது சுண்டுவிரலின் மேல் ந, ய, ச, ஞ, ண, ழ என்று ஏகப்பட்ட சுமை. யகரம் தமிழில் எத்தனை முறை வருகிறது! நாள் முழுக்க அடித்தவர் சாயங்காலம் அந்த விரலை நீவிவிட்டுக்கொள்வதைப் பார்த்தால், வடிவமைத்தவர்கள் வகரத்தோடு இன்னும் ஒன்றிரண்டு மெய்யை இடப்பக்கம் தள்ளியிருக்கலாமே என்று தோன்றும். சுட்டுவிரலுக்குக் க, ப இரண்டையும் கொடுத்தது மட்டும் அப்பழுக்கற்ற முடிவு.

இனி, புள்ளி வேண்டாத இடத்தில் அது வந்து விழுந்தால் என்ன செய்வது? இதில்தான் கை தேர்ந்ததா இல்லையா என்று தெரியும். இந்த மலையில் பிறக்கும் கமண்டல நதியையே எடுத்துக்கொள்ளலாம். ‘கமண்டல’ என்பது க ம ண ட ல, வெறும் ஐந்து தட்டு, ஐந்தும் வலக்கை. அகரத்துக்குத் தட்டே கிடையாது, ண்ட தானாக வருகிறது. அந்த வேகத்திலேயே ‘நதி’க்குள் நுழைந்தால் ந த இ என்று அடித்து ‘ந்தி’யில் போய் முட்டிக்கொள்வோம். ந, த இரண்டும் இனமாயிற்றே! புதிதாகப் பழகுகிறவர் இங்கே பேக்ஸ்பேஸை நோக்கி ஓடுவார். சரியான வழி நடுவில் அ தட்டுவது: ந, அ, த, இ. அந்த அ திரையில் தெரியாது. புள்ளியை வராமல் தடுத்துவிட்டு மறைந்துவிடும். பப்பாளிக்கும் மமதைக்கும் இதே மருந்துதான்.

ஆக, எழுத்தின் அகரத்தைப் பிடுங்குவது ஒரு விசை, அதைப் பிடுங்கவிடாமல் காப்பது இன்னொரு விசை. முன்னது இடது சுட்டுவிரலில், பின்னது அதே கையின் சுண்டுவிரலில். ஜெராக்ஸ் கடைப் பெண் ‘மிருகண்டா நதி பாசனம்’ என்று அடிக்கும்போது அந்தச் சுண்டுவிரல் ந விழுந்ததுமே, த விழுவதற்கு முன்பே, அகரத்தைத் தொட்டுவிட்டு மீள்கிறது. பேச்சு பெரியப்பாவோடு ஓடிக்கொண்டிருக்கிறது; சர்வே எண் என்ன என்று கேட்கிறாள். அவர் மடித்த காகிதத்தை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து நீட்டுவதற்குள் அடுத்த வரி தொடங்கிவிட்டது.