கலைந்த குழுவும் நிலைத்த பாட்டும்

இசைக்குழு ஒன்று கலைந்து, அதன் உறுப்பினர் புதுப்பெயருடன் மேடையேறும்போது, யார் பிரிந்தனர், ஏன் பிரிந்தனர் என்னும் கதையே நம்மிடையே முதலில் பேசப்படுகிறது. விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி வேறு: பழைய குழுவிலிருந்து அவர்கள் எதைக் கொண்டுவந்தனர்?

இலங்கை மெல்லிசை வரலாற்றில் இதற்குத் தக்க சான்று உண்டு. கிளாரன்ஸ் விஜேவர்தன 1966இல் அனெஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்தார். 1970 அளவில் விலகி 'கோல்டன் சைம்ஸ்' குழுவைத் தொடங்கினார். பின்னர் அனெஸ்லியும் வந்து இணைய, அது 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' ஆயிற்று. பெயர் மாறிற்று, ஆட்கள் மாறினர், பாட்டின் முகம் மாறவில்லை. ஹிந்திப் பட மெட்டுக்களுக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்தும் வழக்கம் வேரூன்றியிருந்த சூழலில், கிளாரன்ஸ் தாமே எழுதினார், தாமே மெட்டமைத்தார். மின்கிதார் மேல்நாட்டுக் கருவிதான். ஆயின் அதில் ஒலித்தது இரவல் குரலன்று. கருவியின் பிறப்பிடத்தைக் காட்டி ஒரு கலையை அந்நியமெனத் தள்ளுவோர், கச்சேரி மேடையிலுள்ள வயலின் எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

குறையையும் சொல்லவேண்டும். 1971இல் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்தி எழுந்து ஆயிரக்கணக்கில் மாண்டனர். இக்குழுக்களின் புகழ்பெற்ற பாடல்களோ பெரும்பாலும் காதலையும் பிரிவையுமே பாடின. உருவத்தில் நிகழ்ந்த புதுமை உள்ளடக்கத்தை எட்டவில்லை.

தெல்லிப்பழையிலிருந்து நோக்கும் நமக்கு இவ்விரண்டும் பாடமாகும். கோயில் திருவிழா இரவுகளில் நம் இளைஞர் கிதாரையும் ஓர்கனையும் திறம்பட இசைக்கின்றனர். ஆயின், சென்னைத் திரைப்பாடலை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே அங்கு அளவுகோல். அத்தகைய குழு கலையுமாயின் உறுப்பினர் கொண்டுசெல்வது கைத்திறனை மட்டுமே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுவாசலை விட்டு ஓடியபோது, ஒலிபெருக்கியைத் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. சொந்தப் பாட்டாயின் நெஞ்சிலே சென்றிருக்கும்.

நம்மிடம் வேறு வழி இருக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணப் பேச்சுமொழியையே பொப் பாட்டாக்கினார் நித்தி கனகரத்தினம்; 'சுராங்கனி'யை மொழியெல்லை கடந்து பரப்பினார் ஏ. ஈ. மனோகரன். அவற்றை வெறும் விகடமென ஒதுக்கிய நம் கற்றோர், மக்கள் ஏன் அவற்றைப் பாடினர் என்று ஆராய்ந்திருத்தல் வேண்டும்.

கலைந்த குழுவொன்றின் இளைஞர் நாளை இங்கே மீண்டும் கூடுவராயின், செம்மண்ணில் வெங்காயம் நடும் பெண்ணும், 1990இல் இயக்கம் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் தொழிலாளியும், காணியை இழந்து முகாமில் வளர்ந்த பிள்ளையும் அவர்களது பாட்டில் இடம்பெறவேண்டும். அப்பாட்டுக்குக் குழுவின் பெயர் எதுவாயினும் குறையில்லை.